ஸ்டேஷனுக்கு ஒரு மிடறு

ஆறு ஸ்கூப். இருநூறு மில்லி.
தண்ணீர் முதலில், மாவு பிறகு.
மாற்றிப் போட்டால் கட்டி தட்டி
அடியில் ஒட்டிக்கொள்ளும்.
என் உடம்பைத் தவிர
எல்லாவற்றிலும் ஒட்டுகிறது இந்த மாவு:
பாட்டில் கழுத்தில், மூடியின் மரையில்,
துப்பட்டா நுனியில்.

குர்லாவில் ஏறியதும் முதல் மிடறு.
லேடீஸ் பெட்டி, எட்டு பத்து ஸ்லோ வண்டி.
மடக்மடக்கென்று குடித்தால்
பரேல் வருவதற்குள் வயிறு பிசையும்.
பாதியில் இறங்கி, படியேறி,
சில்லறை தேடிக்கொண்டே கழிப்பறைக்கு ஓடவேண்டும்.
ஓடியிருக்கிறேன்.
அதனால் ஸ்டேஷனுக்கு ஒன்று.
சயான். மாட்டுங்கா.
தாதரில் மட்டும் குடிப்பதில்லை,
அங்கே எந்த முழங்கை யாருடையதென்றே தெரியாது.

போன வருஷம் சயான் ஆஸ்பத்திரியில்
குடலில் ஒன்றரை அடி வெட்டி எடுத்தார்கள்.
டிபி நெஞ்சுக்குத்தான் வரும் என்று
நானும் நினைத்திருந்தேன்.
மிச்சக் குடலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாய் வேலை கொடு
என்றாள் டயட்டீஷியன் ருதுஜா.
செண்பகவல்லியை ஷெம்பக் என்று
பாதியில் வெட்டியவளும் அவள்தான்.

ஒரு டப்பாவுக்கு ஏழே பாட்டில்.
விலையைக் கேட்காதீர்கள்,
ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துவிட்டேன்.

"ஜிம்மா அக்கா? புரோட்டீனா?"
முலுண்டிலிருந்து வரும் பெண் கேட்டாள்.
ஆமாம் என்றேன்.
இன்னொருத்தி என் இடுப்பைப் பார்த்து,
"எப்படி இப்படி இளைத்தாய், எனக்கும் சொல்லேன்."
கரி ரோடு வந்தது.
ஒரு மிடறு.

மழைக்காலத்தில் மூன்று வாரம் நிறுத்தினேன்.
வெனிலா வாடை வந்தாலே
ஆபரேஷனுக்கு மறுநாள் காலை மூக்கில் ஏறும்.
கலக்குவேன், மோரியில் ஊற்றுவேன்,
வீட்டுக்காரர் எழுவதற்குள் பாட்டிலைக் கழுவிவிடுவேன்.
எறும்புகள் வரிசையாய் வந்தன.
யாருக்கோ ஒட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

எடை பார்க்கப் போன அன்று
குர்த்தா பையில் கிடங்குச் சாவிக்கொத்து,
இரண்டு பித்தளைப் பூட்டு, போன்.
முப்பத்தெட்டு நானூறு என்றது மெஷின்.
ருதுஜா எழுதவில்லை. பேனா மூடியபடியே இருந்தது.
"பூட்டை மேசையில் வை, ஷெம்பக்."
முப்பத்தேழு முந்நூறு.

திட்டுவாள் என்று பல்லைக் கடித்து நின்றேன்.
"எந்த ருசியில் குடிக்கிறாய்?" என்றாள்.
இதுவரை யாரும் கேட்காத கேள்வி.
ஏலக்காய் நுணுக்கிப் போடலாமா என்றேன்.
போடு என்றாள்.
குளிரவைத்துக் குடி. ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்.
ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் தொடங்கு,
விட்டதற்காக என்னிடம் பூட்டு கொண்டுவராதே.

மஸ்ஜித் பந்தரில் மேவாக் கடை.
பாதாம், முந்திரி, அக்ரோட்,
நாளைக்கு எண்ணூறு பாக்கெட்டுக்கு லேபிள் ஒட்டுகிறேன்.
ஒன்றையும் வாயில் போட முடியாது.
ஒட்டுவது என் தொழில், உடம்புக்குத்தான் வராது என்று
ரிஸ்வானாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.
மறுநாளிலிருந்து,
உடைந்த ஏலக்காய் நாலைந்தைக் காகிதத்தில் மடித்து
என் ஸ்டூலில் வைக்கிறாள்.
சேட்டுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

இந்த மாதம் நானூறு கிராம் கூடியிருக்கிறது.
நானூறு கிராம் என்றால் என் கைக்குத் தெரியும்,
தராசே வேண்டாம்,
இடது உள்ளங்கையில் ஒரு பிஸ்தா பாக்கெட்.
ஆனால் உடம்பில் எங்கே வைத்தார்கள் என்றுதான்
கண்டுபிடிக்க முடியவில்லை.
வளையல் இன்னும் முழங்கை வரை ஏறுகிறது.

இன்று சிஞ்ச்போக்லி தாண்டி
வண்டி நின்றுவிட்டது, இருபது நிமிஷம்.
வியர்வை, யாரோ பிரித்த வடாபாவ், குமட்டல்.
பைகுல்லாவில் மூடியைத் திறக்கவில்லை.
சாண்ட்ஹர்ஸ்ட் ரோட்டிலும்.

மஸ்ஜித்தில் இறங்கினேன்.
கூட்டம் படியேறி முடியும்வரை
தூணில் சாய்ந்து நின்றேன்.
அடியில் ஒட்டியிருந்த மாவில்
கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி,
பைகுல்லாவுக்கு ஒன்று,
சாண்ட்ஹர்ஸ்ட் ரோட்டுக்கு ஒன்று.

கடைக்குப் பத்து நிமிஷம் லேட்.